கிரகணத்தில் மோதிய இரு கணக்குகள்

1829ஆம் ஆண்டு மார்ச் மாதச் சந்திர கிரகணம் யாழ்ப்பாணத்தில் பெரியதொரு கணக்கு வழக்காகவே அமைந்தது. ஒரு புறம் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் வாக்கிய பஞ்சாங்கம். மறுபுறம் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியின் அதிபர் டானியல் பூவர். பஞ்சாங்கம் குறித்த நேரம் பிழையென்று பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணத்தன்று அவர் கணிப்பே வானத்தோடு பொருந்தியது என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. அதனைத் தமது சமய வாதத்துக்கும் மிஷனரிமார் பயன்படுத்திக் கொண்டனர்.

அப்படியானால் தோற்றது நமது கணிதமா?

கிரகணக் கணக்கின் உயிர்நாடி ஒரு செங்கோண முக்கோணி. புவியின் நிழலைச் சந்திரன் தொடும் கணத்தில் இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோடே செம்பக்கம். சூரியன் செல்லும் பாதையிலிருந்து சந்திரன் விலகியுள்ள தூரம் மற்றொரு பக்கம். மூன்றாம் பக்கத்தைக் கண்டால், அதிலிருந்து கிரகண காலத்தின் பாதியைப் பெறலாம். இந்த முறையை நமது சித்தாந்த நூல்கள் நெடுங்காலம் முன்பே கையாண்டன.

சைன் அட்டவணையும் அவ்வாறே. கி.பி. 499இல் ஆரியபடர் ஆரை 3438 கலை கொண்ட வட்டத்தில் அரைநாண்களை அளந்தார். 30 பாகைக்கு அவர் தரும் அளவு 1719, ஆரையின் சரிபாதி. இன்றைய மாணவர் ஆரை 1 ஆகவுள்ள அலகு வட்டத்தில் காணும் 0.5 இதுவே. ‘ஜ்யா’ என்ற வடசொல்லே அரபு வழியாக இலத்தீனுக்குச் சென்று, அங்கே தவறாகப் பெயர்க்கப்பட்டுச் ‘சைன்’ ஆயிற்று. ஆகவே, பூவர் கையாண்ட சைனும் சாஸ்திரியாரின் மரபும் ஒரே வித்தின் கிளைகள்.

வேறுபட்டது அவதானிப்பு. சந்திரனின் இருப்பிடத்தை 248 வாக்கியங்களில் மனனம் செய்யும் முறை வியக்கத்தக்கது. ஆனால் மனனமான எண், வானம் விலகிச் சென்றாலும் தான் மாறுவதில்லை. ஐரோப்பிய அட்டவணைகளோ தொலைநோக்கியால் இடையறாது திருத்தப்பட்டு வந்தன. திருத்தும் பண்பு நமக்கு அந்நியமானதன்று. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களை நோக்கியவர். 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் திருத்திய முறையை வகுத்தவர்.

இன்றும் யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் வெளிவருகின்றன; சித்திரை வருடப் பிறப்பின் நேரத்தைக்கூட அவை வெவ்வேறாகக் கூறுகின்றன. 1829இல் எழுந்த வினா இன்னும் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முன்னோர் தந்த கணக்கை மதிப்பதென்பது, அவர்கள் செய்ததுபோல் அதனை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே.