அயப்பாக்கத்துப் படிவம்: மேற்குப் புறநகரில் மருத்துவ ஊழியரும் கணினிப் பதிவும்

அரசு மருத்துவமனை ஊழியர்களுக்குக் கணினி என்றாலே ஆகாது என்ற எண்ணம் நிர்வாகத் தரப்பில் நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டின் முப்பதாண்டு அனுபவம் அதை மெய்ப்பிக்கவில்லை. தன் பதிவால் தன் கைக்கு என்ன திரும்பி வருகிறது என்பதைப் பார்த்தே ஊழியர் ஒரு கருவியை ஏற்கிறார் அல்லது ஒதுக்குகிறார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் இந்த வரலாறு கணினிக்கு முன்பே தொடங்குகிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் களப்பிரிவு 1991இல் தொடங்கிய தடுப்பூசி ஆய்வில் சுமார் 1,71,400 பேர் சேர்க்கப்பட்டனர். ஊர் ஊராகப் போய் அவர்களைப் பதிந்தவர்கள் களப்பணியாளர்கள். 1999இல் இப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் இணைந்து தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆயின. அது இன்று அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கிறது.

கணினியின் முதல் வெற்றி மருந்துக் கிடங்கில் கிடைத்தது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. எடுத்த மருந்து எவ்வளவு, ஒதுக்கிய தொகையில் மீதி எவ்வளவு என்பது மருந்தாளுநருக்கு உடனே தெரிந்தது. கணினி கிடங்கில் இருந்தது, பயன் அவர் கையில் இருந்தது. இதை யாரும் எதிர்த்ததாகப் பேச்சில்லை.

2008 வாக்கில் வந்த இரண்டு ஏற்பாடுகள் வேறு வகை. உலக வங்கி உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தில் மருத்துவமனை மேலாண்மை மென்பொருள் அறிமுகமானது. ஓ.பி. சீட்டு போடுமிடத்தில் அதற்கு வேலை இருந்தது. ஆனால் வாசல்வரை வரிசை நிற்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பதா, திரையில் தட்டச்சு செய்வதா என்ற நெருக்கடி மருத்துவருக்கு மிஞ்சியது.

இரண்டாவது, கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பிக்மி என்ற கணினிப் பதிவு. அம்பத்தூரில் பதிவு செய்த பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவாள். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடமாநிலக் குடும்பம் பாதியில் இடம் மாறும். அவர்களைத் தவறவிடாமல் இருக்க இத்தகைய பதிவு தேவைதான். ஆனால் மகப்பேறு நிதியுதவி அதனோடு இணைந்தது. 2017 அக்டோபர் முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பதிவில் கிடைக்கும் எண் கட்டாயமானது. பகலெல்லாம் வீடு வீடாக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர், சர்வர் மெதுவாக இருந்தால் அந்தப் பதிவை இரவில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். எண் தாமதமானால் குடும்பத்துக்குப் பதில் சொல்பவரும் அவரே. கணினிப் பதிவுக்குத் தனி ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்பதைத் தொழில்நுட்ப எதிர்ப்பு என்று எழுதுவது அநியாயம். அது வேலைப்பளு பற்றிய நியாயமான கணக்கு.

இதனோடு ஒப்பிட வேண்டியது, அயப்பாக்க நிறுவனத்தின் துணையோடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் உறுதியானதும் ஊழியர் ஐந்தே விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்ஸிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. எக்ஸ்ரேயும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். முதலில் இது காகிதப் படிவமாகவே வந்தது. செயலி பிறகு சேர்ந்தது. இந்த வரிசைமுறையே இதன் பலம் என்று கருதுகிறேன். செய்து பழகிய வேலைக்குள் கருவி நுழைந்தது. பதிலும் அங்கேயே கிடைத்தது: இந்த நோயாளியை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

2025இல் அச்செயலியில் இறப்பு வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. சுமார் 56,000 நோயாளிகளின் பதிவுகளிலிருந்து உருவான கணிப்பு அது. முன்பே எடுத்துவந்த அளவுகளையே அது பயன்படுத்துகிறது. அதற்காக ஊழியர் புதிதாக ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப வேண்டியதில்லை.