மலைநீரை அளந்தவர்கள்

உதகமண்டலத்திற்கு உல்லாசப் பயணம் செல்லும் மாணவர்கள் ஏரியில் படகேறுவர். தாவரத் தோட்டத்தைச் சுற்றி வருவர். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புவர். அந்த ஏரியும் இயற்கை தந்ததன்று. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-25 ஆம் ஆண்டுகளில் ஓடைகளைத் தேக்கி அமைத்தது அது. நீலகிரியின் வரலாற்றைத் துரைமார்களின் பங்களாக்களை வைத்துச் சொல்வதே வழக்கமாகி விட்டது. நான் அதன் நீரை வைத்தும், அந்நீரை அளப்பதையே தொழிலாகக் கற்றவர்களை வைத்தும் சொல்ல விரும்புகிறேன்.

மேல்மலையின் பழைய தோற்றம் பசும்புல் மூடிய குன்றுகளும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைகளும், தாழ்வுகளில் சதுப்புகளுமே. மழைநீரை வாங்கி வைத்துக் கோடையிலும் சிறிது சிறிதாகக் கசிய விடுவது அந்நிலத்தின் இயல்பு. அக்கசிவே ஓடையாகி, பைக்காரா, குந்தா ஆறுகளாகி, கடைசியில் பவானியில் கலக்கிறது. 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர்க் கனடா நாட்டின் உதவியுடன் குந்தாத் திட்டம் எழுந்தது. 1955 இல் சமவெளியில் கீழ்பவானி அணை முடிவுற்றது. மலையில் ஓடை மெலிந்தால் ஆலையில் விளக்கு மங்கும். ஈரோட்டுப் பக்கத்து வாய்க்காலில் நீர் குறையும்.

அம்மலையில் ஆங்கிலேயர் குடியேறியபின் விறகுக்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் 1843 இல் வந்தது. மலைமக்கள் கற்பூரமரம் என்பதும் இதுவே. விரைந்து வளரும் மரம், விறகுக்கு நல்லது, தைலமும் கிடைக்கும். விடுதலைக்குப் பின் ரேயான் ஆலைகளின் மரக்கூழுக்கும் வேண்டியதாயிற்று. புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணியவர்கள் அதில் மரம் வைத்ததை நற்பணியாகவே கருதினர். மரம் இருந்தால் நீர் பெருகும் என்றனர் ஒரு சாரார். மரம் வந்தபின் சதுப்பு வறண்டது என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் உரக்கப் பேசினரேயன்றி, ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

1954 இல் உதகமண்டலத்தில் மண்வள ஆராய்ச்சி, செயல்விளக்க, பயிற்சி நிலையம் ஒன்றை மத்திய அரசு நிறுவியது. 1967 இல் அது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் சேர்ந்தது. பல மாநிலங்களிலிருந்து அரசு ஊழியர்கள் அங்கே வந்து தங்கிப் படித்தனர். சரிவில் மேலிருந்து கீழாக உருளைக்கிழங்குப் பாத்தி போட்டால் மண் எவ்வாறு அடித்துச் செல்லப்படுகிறது, படிக்கட்டு வயலாக்கினால் எவ்வாறு தங்குகிறது என்பதை வகுப்பறையில் மட்டுமன்றி, சேற்றில் நின்றும் கற்றனர். மழைமானியைப் பார்ப்பதும், ஓடையின் குறுக்கே கட்டிய சிறு சுவரில் வழியும் நீரின் உயரத்தைக் குறிப்பதும், அதிலிருந்து நீரின் அளவைக் கணக்கிடுவதும் இக்கல்வியின் அரிச்சுவடி.

மாணவ நண்பர்களே, இந்த அரிச்சுவடி எவ்வளவு பெரிய வழக்கைத் தீர்த்தது என்று கேளுங்கள். 1968 இல் பைக்காராவை அடுத்த கிளென்மார்கனில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை அந்நிலையத்தார் தேர்ந்தனர். இரண்டும் புல்வெளி, அண்டை அயல், ஒரே மழை. இத்தகைய இரட்டைச் சோதனை உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1910 லேயே தொடங்கியதுதான். முதல் சில ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இரண்டையும் அளந்தனர். இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதும் வியக்கிறேன். முதலில் இரண்டின் உறவு தெரிந்தாலன்றிப் பின்னால் வரும் வேறுபாட்டிற்குக் காரணம் சொல்ல முடியாதல்லவா? 1972 இல் ஒன்றின் பரப்பில் நூற்றுக்கு 59 பங்கில் தைலமரம் நட்டனர். மற்றது புல்லாகவே விடப்பட்டது.

பத்தாண்டுகள் கடந்தன. மரம் நட்ட பகுதியின் நீர், நூற்றுக்கு 16 பங்கு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தழைக்க விட்டு, மேலும் பத்தாண்டுகள் அளந்தனர். அப்போது குறைவு நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டியது. கோடைக்கசிவின் அளவு முதல் சுற்றில் பாதியாயிற்று. இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காயிற்று. காரணம் விளங்காததன்று. பனியிலும் வறட்சியிலும் புல் காய்ந்து ஓய்ந்துவிடும். தைலமரமோ ஆழ வேரோடி ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக்குகிறது.

மரத்தின் மீது மட்டும் பழி போடுவதும் நேர்மையன்று. பெருமழை நாளின் வெள்ளவேகத்தையும் அதே மரம் தணித்தது என்று அக்கணக்கே சொல்லுகிறது. ஆயினும் மின்திட்ட நீர்த்தேக்கங்களின் நீர்ப்பிடிப்பில் புல்வெளியைப் பெருமளவில் தைலத்தோப்பாக்குவதில் எச்சரிக்கை வேண்டும் என ஆராய்ச்சியாளர் எழுதி வைத்தனர். நூறாண்டு வாதத்திற்கு இருபது சொச்சம் ஆண்டுகளின் குறிப்பேடுகள் விடை சொல்லின. அதைக் காக்க வேண்டியவர் ஒரே ஆள் அல்லர். ஒருவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அதே சுவரருகே, அதே முறையில் குறிக்க வேண்டும். பயிற்சி நிலையமும் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக அமைந்ததன் பயன் இதுவே என்பது என் கருத்து.

2022 இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மரத்தை எடுத்த இடத்தில் புல் மீளுமா, மீண்டால் ஊற்றுப் பழையபடி ஓடுமா, எத்தனை ஆண்டுகளில் ஓடும் என்பவை இனி அளந்து அறிய வேண்டியவை. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ, கோயம்புத்தூர் வேளாண் பொறியியல் கல்லூரியிலோ சேரும் ஒருவர் இக்கேள்வியை இருபது வயதில் கையிலெடுத்தால், விடை கிடைக்கும்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.