எட்டுப் பெயர்கள் எழுதும் விண்ணப்பம்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2012இல் புதிய விண்ணப்பம் ஒன்று வந்தது. அப்போது பெற்றோர் விருப்ப வரிசைப்படி எட்டுப் பள்ளிகள் வரை எழுத முடிந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் என்பதைக் கணினியும் குலுக்கலும் முடிவு செய்யும். 'பக்கத்துத் தெருவுலதான் பள்ளிக்கூடம் இருக்கே, அங்கேயே சேர்த்துடலாம்' என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்த காலம் போய்விட்டது.

அரசுப் பணத்தில் இயங்கும், ஆனால் கல்வி மாவட்டம் நேரடியாக நடத்தாத பள்ளிக்குச் 'சார்ட்டர்' என்று பெயர். ஒப்பந்தப்படி முடிவு காட்டாவிட்டால் அதை மூடலாம். 1988இல் இந்த யோசனைக்கு ஆதரவு திரட்டியவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர்களே புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாக அதைக் கற்பனை செய்தார். 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. சில ஆண்டுகளிலேயே, திட்டம் தடம் மாறுகிறது என்று ஷாங்கரே எதிர்க்கத் தொடங்கினார்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அதற்கு முன்பே அங்கிருந்த பள்ளி நிர்வாகம் ஊழலிலும் கடனிலும் சிக்கியிருந்தது. நவம்பரில் மாநில அரசு 100க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 7,000க்கும் அதிகமான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் இருந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சார்ட்டர்களாயின.

தேர்ச்சி மதிப்பெண்கள் உயர்ந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெற்றோர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த விண்ணப்பங்களை ஆராய்ந்தவர்கள், தூரம், பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி, கால்பந்து, வாத்தியக்குழு ஆகியவையும் பெற்றோரின் முடிவைத் தீர்மானித்ததைக் கண்டார்கள். ஏழைக் குடும்பங்களிடம் இது இன்னும் கூடுதலாக இருந்தது. இதை அறியாமை என்று சொல்லிவிடலாமா? 'நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் பிள்ளையை யாரு பார்த்துப்பா?' என்பதும் கல்வி பற்றிய கேள்விதானே. வாத்தியக்குழு ஊர்வலம் அந்த ஊரின் உயிர். பிள்ளை அதில் டிரம்பெட் ஊதுவதைப் பார்க்க ஆசைப்படும் அம்மாவைத் தரப்பட்டியலால் அளக்க முடியாது.

2019இல் கடைசி மரபான பள்ளியும் சார்ட்டர் அமைப்பிடம் போனது. பல பெயர்கள் எழுத முடிந்தது, ஆனால் அப்போது அவற்றில் மாவட்டமே நடத்தும் பள்ளி ஒன்றுகூட இருக்கவில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை என்றார்கள். அதை மூடும் முடிவு மட்டும் அவர்களிடம் இல்லை.

2024 ஆகஸ்டில் கல்வி மாவட்டம் தானே நடத்தும் பள்ளி ஒன்றைத் திறந்தது. ஊரே கொண்டாடிய சமையல் கலைஞர் லியா சேஸின் பெயரை அதற்குச் சூட்டியது. ஒரே ஒரு பள்ளிதான். ஆனாலும் சார்ட்டரா, மாவட்டப் பள்ளியா என்ற கேள்வி அந்த ஊர் வீடுகளுக்குத் திரும்பி வந்தது.