மடக்குக்கத்தியும் அதன் உழைப்பும்

ஓலைச்சுவடிக் காலத்து எழுதுகருவிகளைப் பற்றி அறிய விரும்புவார்க்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தரும் செய்திகள் பெரிதும் பயன்படும். எழுத்தாணியின் வகைகளைக் கூறுமிடத்து மடக்கெழுத்தாணி என்னும் ஒன்றனையும் அவர் விளக்கியுள்ளார். அதன் பிடி மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ ஆயது. பெரும்பாலும் ஒருபுறம் எழுதும் ஆணியும், மறுபுறம் ஓலையை வாருவதற்குரிய கத்தியும் அதன்கண் அமைந்திருக்கும். வேலை முடிந்தபின் அவற்றைப் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். வாரெழுத்தாணிக்கு உறை வேண்டும். இதற்குப் பிடியே உறையாயிற்று. ஆகவே மடக்கும் கருவி தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. சுவடி எழுதுவோர் நாளும் கையாண்ட பொருளே அது.

மடக்குக்கத்தி உலகில் மிகப் பழையது. உரோமர் காலத்து மடக்குக்கத்திகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. எனினும் பழமை காட்டுதல் எமது நோக்கமன்று. பெருஞ்செல்வரல்லாத ஒருவர் தம் வருவாய்க்கு இயைந்த விலையில் வாங்கும் மடக்குக்கத்தி பல்லாண்டு உழைப்பதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. மலிவும் உழைப்பும் ஒன்றற்கொன்று பகை என்றும், விலை மிக்கதே நெடுநாள் நிற்கும் என்றும் கருதுவார் பலர். இக்கருத்துப் பிற கருவிகட்குப் பொருந்தினும் பொருந்துக. மடக்குக்கத்திக்குப் பொருந்தாது என்பது அதன் வரலாற்றால் விளங்கும். இதனைக் காட்டுதற்கு, ஒரே குடும்பத்தின் கையில் நூற்றாண்டுக்கு மேல் வழங்கி, மாற்றங்களின் ஆண்டுகளும் அறியப்பட்டுள்ள கத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுதல் தக்கது. பிரெஞ்சு நாட்டின் ஆல்ப்சு மலைப்பகுதியாகிய சவாயில் தோன்றிய ஒப்பினெல் கத்தி அத்தகையது.

முன்னதாகக் கீலின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். மடக்குக்கத்தியின் உயிர்நிலை கீல். அலகு முரிந்து கெட்ட கத்திகளினும் கீல் தளர்ந்து கெட்டவையே மிகுதி. கீலமைப்பால் பழைய கத்திகள் இருவகைப்படும். ஒருவகையில், பிடியின் முதுகில் எஃகுத் தகடு ஒன்று வில்போல் நின்று அலகின் அடியை அழுத்தும். அவ்வழுத்தத்தால் அலகு திறந்தவிடத்தும் மடங்கியவிடத்தும் நிற்கும். இங்கிலாந்தின் செபீல்டு நகரத்துப் பைக்கத்திகளும், பிரெஞ்சு நாட்டு லாயோல் கத்திகளும் இவ்வகையின. மற்றொரு வகையில் வில் இல்லை. பிடியின் பிளவுக்குள் அலகு இறுக்கமாகப் பொருந்தி, உராய்வு ஒன்றனாலேயே நிற்கும். முன்னையதற்கு அலகு, வில், உட்டகடுகள், வெளித்தட்டுகள், ஆணிகள் எனப் பல உறுப்புகள் வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தும் தொழிலாளியின் கைத்திறனே விலையிற் பெரும்பகுதியாகும். அத்திறனைக் குறைத்து விலையையும் குறைத்தால் முதலிற் கெடுவது கீல். மலிவான கத்தி உழையாது என்னும் கருத்துப் பெரும்பாலும் இத்தகைய கத்திகளைக் கண்டு எழுந்ததாதல் வேண்டும்.

சவாய் 1860இல் பிரெஞ்சு நாட்டோடு இணைந்தது. அதன் மோரியென் பள்ளத்தாக்கில், செவூதாசு என்னும் சிற்றூரில், ஒப்பினெல் குடும்பத்தார் கருவிக் கொல்லராய் இருந்தனர். கோடரியும் வெட்டுக்கத்தியும் போன்ற வேளாண் கருவிகளைச் செய்து சுற்றுப்புறத்தார்க்கு விற்றுவந்தனர். அக்குடும்பத்துச் சோசப்பு ஒப்பினெல் (1872-1960) தம் பதினெட்டாம் வயதில், 1890இல், பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக்கத்தி ஒன்றை உருவாக்கினார். இவ்விடத்து ஒன்று நோக்கத்தக்கது. அவர் அணிகலன் போன்ற கத்திகளைச் செய்யும் கத்திக்கொல்லர் மரபினர் அல்லர். கோடரி செய்யும் மரபினர். கோடரிக்கு மரப்பிடி, எஃகு அலகு என்னும் இரண்டே உறுப்புகள். புதிய மடக்குக்கத்தியிலும் அச்சிக்கனமே காணப்படுகின்றது. மரப்பிடி ஒன்று, அலகு ஒன்று, தறையாணி ஒன்று, பிடியின் பிளந்த தலை விரியாதவாறு காக்கும் பூண் ஒன்று: இந்நான்கே அதன் உறுப்புகள். வில்லும் இல்லை, உட்டகடும் இல்லை. கோடரிக் கொல்லர் பட்டறையினின்று வந்தமையே இவ்வமைப்பிற்குக் காரணம் என்பது எமது கருத்து.

1897இல் இக்கத்தி 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் வெளிவந்தது. 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் பின்னர்க் கைவிடப்பெற்றன. மிகுதியாக வழங்கும் 8ஆம் எண் கத்தியின் அலகு எட்டரைச் செண்டிமீட்டர் நீளமுடையது. பிடி ஏறத்தாழப் பதினொரு செண்டிமீட்டர். அளவுகள் வேறாயினும் அமைப்பு ஒன்றே. எனவே ஒரே வகைப் பிடியைப் பெருந்தொகையில் கடைந்து பிளத்தல் இயல்வதாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோசப்பு ஒப்பினெல் பிடி செய்தற்கெனப் பொறி ஒன்றையும் அமைத்துக்கொண்டார். பொறி புகுந்தால் தரம் குன்றும் என்பது கைவினையைப் போற்றுவார் வழக்கமாகக் கூறுவது. இக்கத்தி அதற்கு விதிவிலக்கு. உறுப்புகள் சிலவே ஆதலின், பொறியால் ஒழுங்குபெற வேண்டிய இடமும் பிடியின் பிளவு ஒன்றே. அப்பிளவைக் கையினும் பொறியே செவ்விதாகச் செய்யும்.

இரும்பைப் பற்றியும் கூறுதல் வேண்டும். இக்கத்திகளின் அலகு கரி மிகுந்த எஃகால் ஆயது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கரி அதன்கண் உண்டு. தோய்ச்சல் பெற்ற அவ்வெஃகு எளிய தீட்டுக்கல்லிலும் விரைந்து கூர்கொள்ளும். ஆனால் ஈரமும் பழச்சாறும் படின் கறுத்துத் துருவேறும். 1913இல் செபீல்டு நகரத்து ஆரி பிரியர்லி என்பார் குரோமியம் கலந்த துருவா எஃகை உருவாக்கிய பின்னர் அவ்வகை அலகுகளும் பெருகின. சுவிட்சர்லாந்தின் எல்சனர் குடும்பத்தார் துருவா எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்குறுக்கத்தைத் தம் முத்திரைப் பெயரோடு 1921இல் இணைத்து 'விக்டோரினாக்சு' என்று வழங்கலாயினர்; அவ்வெஃகிற்கு இருந்த மதிப்பு இதனால் பெறப்படும். (கத்தி எஃகின் வரலாற்றில் தென்னாட்டு உருக்கிற்கும் இடமுண்டு. 1819ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டன் கத்தித் தொழிலர் சேம்சு சுடோடார்ட்டும் மைக்கேல் பாரடேயும் நிகழ்த்திய எஃகு ஆய்வுகள் இவ்வுருக்கின் இயல்பை அறியும் முயற்சியோடு தொடர்புடையன. அது தனியே எழுதற்பாலது.)

உழைப்பைப் பொறுத்தவரை இவ்விரண்டனுள் எது சிறந்தது? விடை எஃகில் மட்டும் இல்லை; வாங்குவார் வாழ்க்கையில் உள்ளது. நாள்தோறும் கத்தியைத் துடைத்து எண்ணெயிடும் உழவனுக்குக் கரியெஃகு தன் ஆயுள் முழுதும் போதும். ஈரத்தோடு மடக்கிப் பெட்டியில் இட்டு மறந்துவிடுவார்க்கு அது ஓராண்டும் நில்லாது. அவர் துருவா எஃகையே நாடல் வேண்டும். மிகக் கடினமான எஃகே நெடிது உழைக்கும் என்று கருதுவாரும் உளர். தீட்டத் தெரியாதவன் கையில் கடின எஃகு மழுங்கியே கிடக்கும். மழுங்கிய கத்தியை வலிந்து அழுத்துவதால் கீலும் தளரும். நடுத்தர விலைக் கத்திகளின் வரலாற்றில் நின்று நிலவியவை எளிதில் தீட்டத்தக்க அலகுகளே.

1955இல் சவாய்க் கத்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. சோசப்பின் மகனாராகிய மார்செல் ஒப்பினெல், நிலையான பூணின்மேல் சுழலும் பூண் ஒன்றை அமைத்தார். அதில் ஒரு திறப்பு உண்டு. திறப்பு அலகிற்கு நேராக நிற்கும்போது கத்தி மடங்கும். பூணைச் சிறிது திருப்பினால் அலகின் அடி தடைப்பட்டு, விரல்மேல் மடங்காது நிற்கும். உராய்வுக்கத்திக்கு இருந்த பெருங்குறை இதனால் நீங்கிற்று. உறுப்பு நான்கினின்று ஐந்தாயிற்று. உறுப்புக் குறைவே உழைப்பிற்குக் காரணம் என்ற எம் கருத்திற்கு இஃது முரணாகாதோ எனின், ஆகாது. வில்பூட்டு உடைந்தால் கத்தியே பயனற்றுப் போகும். சுழல்பூண் தளர்ந்தால் அதனைக் குறட்டால் நெருக்கிச் சரிசெய்யலாம். கழன்றே போயினும் எஞ்சுவது 1890ஆம் ஆண்டுக் கத்தி. புதிதாய்ச் சேர்ந்த உறுப்பின்மேல் பழைய உறுப்புகள் சார்ந்து நிற்கவில்லை என்பதே இம்மாற்றத்தின் நுட்பம். 2000ஆம் ஆண்டில் அப்பூண் மடங்கிய நிலையிலும் அலகைப் பூட்டுமாறு திருத்தப்பெற்றது.

குறை இல்லை என்று கூறுதற்கில்லை. மரப்பிடி நீரை உண்டு பருக்கும்; அப்போது அலகு பிளவுக்குள் இறுகி வெளிவர மறுக்கும். சவாய் மக்கள் பிடியின் அடிப்புறத்தைக் கடினமான பலகையில் தட்டி அலகைச் சிறிது வெளிக்கொணர்வர். 'சவாயர் தட்டு' என்றே இதற்குப் பெயர் வழங்குகின்றது. மழைமிக்க நிலத்தில் இக்கத்தியை வாங்குவார் இதனை மனத்திற்கொள்ளல் நன்று. பிடியை மெழுகோ எண்ணெயோ ஊட்டி உலரவைத்தல் ஓரளவு பயன் தரும்.

இனி முத்திரை. கத்தியின் தோய்ச்சலைக் கடையில் நின்று கண்ணால் அறிதல் இயலாது. ஆகலின் வாங்குவோன் செய்தவன் அடையாளத்தையே நம்பவேண்டியவனாகின்றான். செபீல்டில் 1624இல் சட்டத்தால் நிறுவப்பெற்ற கத்தித் தொழிலர் கழகம் ஒவ்வொரு தொழிலர்க்கும் உரிய குறியைப் பதிந்து காத்தமை இதுபற்றியே. சோசப்பு ஒப்பினெல் 1909இல் முடிசூடிய கையைத் தம் முத்திரையாகக் கொண்டார். மோரியெனின் தலைநகராகிய செயிண்டு சான் நகரத்து ஆயுதச்சின்னத்தில் அருள்புரியும் கை உண்டு. முடி சவாய்க் கோமரபைக் குறிப்பது. எழுத்தறியாத உழவனும் இவ்வடையாளத்தைக் கண்டுகொள்வான். இதனோடு லாயோல் கத்தியை ஒப்புநோக்குக. லாயோல் என்பது ஊர்ப்பெயர். ஒருவர்க்கே உரிய முத்திரையன்று. ஆதலின் அவ்வூரையே காணாத கத்திகளும் அப்பெயர் தாங்கிச் சந்தைக்கு வந்தன. சிறந்த லாயோல் கத்திகள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுத்தர விலை கொடுப்பவன் பெயரை நம்பி அவற்றைப் பெறுதல் அரிது.

பிரெஞ்சு அகராதியாகிய 'இலாரூசு' 1989இல் 'ஒப்பினெல்' என்பதனைப் பொதுச்சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. செய்தான் பெயர் செய்பொருளுக்கு ஆதலைக் கருத்தாவாகுபெயர் என்பர் நம் இலக்கணிகள். திருவள்ளுவர் படித்தான் என்னும் வழக்கிற்கும் ஒப்பினெல்லால் அப்பம் அறுத்தான் என்னும் வழக்கிற்கும் இலக்கணம் ஒன்றே. இவ்வாகுபெயர் எளிதிற் பிறப்பதன்று. மாறாத பொருள் ஒன்று பல தலைமுறை கைமாறிய பின்னரே மக்கள் நாவில் அது நிலைபெறும்.

உழைக்கும் கத்தி இருப்பினும் அதனைச் செய்யும் தொழில் நில்லாது போதலும் உண்டு. சப்பான் நாட்டு 'இகோனோகாமி' இதற்குச் சான்று. இகோ நாட்டுத் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். இயோகோ மாநிலத்து மிக்கி நகரில் 1890களில் தோன்றிய இக்கத்தி, மடித்த உலோகத் தகடாகிய பிடியும், கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோலோடு கூடிய அலகும், ஆணியும் உடையது, பூட்டு இல்லை. மெல்லிரும்பின் நடுவே வல்லெஃகைப் பொதிந்து அடித்த அலகுகளும் உண்டு. போர்வாள் அணிதல் 1876இல் தடுக்கப்பட்டமையின் பிழைப்பிழந்த வாட்கொல்லர் செய்தது இக்கத்தி என்று எழுதுவார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. மிக்கி நெடுங்காலமாகத் தச்சுக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். கத்தியின் அமைப்பும் கருவிக்கொல்லர் சிக்கனத்தையே காட்டுகின்றது. சவாயில் கண்டதற்கும் இது பொருந்தி வருகின்றது.

பள்ளிச் சிறுவர் பென்சில் சீவுதற்கு இதனையே கையாண்டனர். 1960 அக்டோபர் 12இல் சப்பானியச் சமதருமக் கட்சித் தலைவர் அசனுமா இனெசிரோ மேடையிலேயே இளைஞன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். கொலைக்கருவி குறுவாள், மடக்குக்கத்தியன்று. ஆயினும் சிறுவர் கையில் கூர்ங்கருவி கூடாது என்னும் இயக்கம் அதன்பின் நாடெங்கும் பரவிற்று. பென்சில் சீவும் பொறிகளும் பெருகின. பள்ளிப்பைகளினின்று இகோனோகாமி மறைந்தது. பலர் செய்துவந்த கத்தியை அம்முத்திரையோடு செய்யும் உரிமையுடைய பட்டறை இன்று மிக்கியில் நாகாவோ குடும்பத்தாருடையது ஒன்றே. அங்குச் செய்யப்படும் கத்தியில் இன்றும் வில் இல்லை, பூட்டு இல்லை.