பித்தம் என்று பெயர் வாங்கிய காளான்

காளான் என்றதும் குடை மாதிரி ஒரு தலையும், அதன் அடியில் தகடு தகடாக இருக்கும் மடிப்புகளும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 'பொலீட்' வகைக் காளான்களுக்கு அந்த மடிப்புகள் கிடையாது. தலையின் அடிப்பக்கம் ஸ்பாஞ்ச் போல நுண்ணிய துளைகளாக இருக்கும். ஐரோப்பியர்கள் ஆசையாகச் சாப்பிடும் ஒரு காளான் இந்த வகைதான். இத்தாலியில் அதற்கு 'போர்ச்சீனி' என்று பெயர், பிரான்சில் 'செப்'.

அதே காடுகளில், ஏறக்குறைய அதே நிறத்தில், அதே பருமனில் இன்னொரு பொலீட்டும் முளைக்கிறது. விஷம் இல்லை, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒன்றே ஒன்று தவறிப்போய் சட்டியில் விழுந்தாலும் மொத்தச் சமையலும் பாழ். வேகவைத்தாலும் கசப்பு போகாது. இரண்டையும் பிரித்தறிந்த கதை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் நீளமானது.

1753இல் லின்னேயஸ் துளை உள்ள காளான்களை எல்லாம் 'பொலீட்டஸ்' என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். பிறகு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பியர் புல்லியார், பிரான்சின் தாவரங்களையும் காளான்களையும் வண்ணப் படங்களாக வெளியிட்டார். சுமார் 600 படங்கள்! 1782இல் சுவையான காளானுக்கு 'எடுலிஸ்' என்று பெயர் வைத்தார். 'உண்ணத்தக்கது' என்று அர்த்தம். 1788இல் கசப்பானதற்கு 'ஃபெல்லியஸ்' என்று வைத்தார். லத்தீனில் 'ஃபெல்' என்றால் பித்தநீர். ஆக, இரண்டு பெயர்களையும் கொடுத்தது நாக்குதான்.

நாக்கை மட்டும் நம்பி அறிவியல் நடக்குமா? பின்லாந்தைச் சேர்ந்த பீட்டர் கார்ஸ்டன் வேறு அடையாளத்தைப் பார்த்தார். காளான் தலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால், வித்துத்தூள் படிந்து அதன் நிறம் தெரியும். எடுலிஸின் தூள் ஆலிவ் கலந்த பழுப்பு, ஃபெல்லியஸின் தூள் இளஞ்சிவப்பு. 1881இல் 'டைலோபிலஸ்' என்ற புதிய பேரினத்தை ஏற்படுத்தி ஃபெல்லியஸை அதில் சேர்த்தார். அன்றிலிருந்து அது 'டைலோபிலஸ் ஃபெல்லியஸ்'.

கதை அதோடு முடியவில்லை. இளஞ்சிவப்புத் தூள் உள்ள வேறு பல காளான்களையும் பின்னால் வந்தவர்கள் இதே பேரினத்தில் சேர்த்தார்கள். டி.என்.ஏ. ஆய்வு வந்த பிறகுதான் நிறம் ஒன்றாக இருந்தால் உறவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை என்று தெரிந்தது. தவறான தலைப்பில் எழுதிய கணக்கைச் சரியான தலைப்புக்கு மாற்றுவது போல, சில இனங்களை வெளியே எடுத்தார்கள். உதாரணமாக, தண்டின் அடி மஞ்சளாக இருக்கும் ஓர் இனம் 2012இல் 'ஹாரியா' என்ற புதிய பேரினத்துக்குப் போனது. ஃபெல்லியஸ் மட்டும் இடம் மாறாது. டைலோபிலஸ் என்ற பெயருக்கே அதுதான் மாதிரி இனம்.

சரி, காட்டில் நிற்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டைப் பார்க்கவேண்டும். எடுலிஸின் தண்டில் மெல்லிய வெண்ணிற வலை இருக்கும். ஃபெல்லியஸின் தண்டில் தடித்த கரும்பழுப்பு வலை. முதிர்ந்ததும் எடுலிஸின் துளைகள் மஞ்சளாகிப் பிறகு பச்சை கலக்கும், ஃபெல்லியஸின் துளைகள் இளஞ்சிவப்பாகும். இளசாக இருக்கும்போது இரண்டுக்குமே துளைகள் வெள்ளைதான். ஏமாற்றம் நடப்பது அங்கேதான். கசப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், சிலருடைய நாக்குக்கு அந்தக் கசப்பே தெரிவதில்லையாம்!

நாக்கு, கண், தூள், டி.என்.ஏ. என்று ஒவ்வொன்றும் முந்தையதைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவெடுத்தால், இந்தக் காளான் விஷயத்தில் ஒரு வேளைச் சாப்பாடுதான் நஷ்டம். வேறு சில காளான்களின் விஷயத்தில் உயிரே போய்விடும். சுவைத்துப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தைக் கைவிடவேண்டியது அதனால்தான்.