இழை அறுந்தால் உடனே பிணைப்போம்



போளூர், ஆரணிப் பகுதிகளில் பட்டு நெய்வோர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. பாவில் இழை அறுந்த உடனே பிணைத்துவிட்டால் சேலைக்குப் பழுதில்லை. கவனியாது நெய்துகொண்டே போனால், பின்னர்ச் சீர்செய்வது அரிது. மார்பகப் புற்றுநோயின் வரலாறு புகட்டும் பாடமும் இதுவே.

1923ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். முதலில் வேறு நோயென மயங்கியதால் காலம் கடந்துவிட்டது. அத்துயரமே ஓர் அறப்பணிக்கு வித்தாயிற்று. 1952இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர்.

அங்கு வந்த பெண்டிருள் பலர் நோய் முற்றிய பின்னரே வந்தனர். மருத்துவர் இந்நோயை நான்கு கட்டங்களாகப் பகுப்பர். சிறு கட்டியாய் மார்பகத்துள் அடங்கியிருப்பது முதற் கட்டம். அக்குள் நெறிகளில் மிகப் பரவுவதும், தோலையோ மார்புச் சுவரையோ பற்றுவதும் மூன்றாம் கட்டம். எலும்பு, நுரையீரல், ஈரல் ஆகிய தொலை உறுப்புகளை அடைவது நான்காம் கட்டம். மூன்றாம் கட்டத்தினரைக் காக்கும்பொருட்டு, அறுவைக்கு முன்னரே மருந்தும் கதிரும் சேர்த்தளிக்கும் முறையை அடையாற்று மருத்துவர் நெடுங்காலம் கையாண்டனர்.

கட்டங்களேயன்றி வகைகளும் உள. 1896இல் கிளாஸ்கோ நகரத்து பீட்சன் என்பார், சூலகங்களை அகற்றியபின் மார்பகக் கட்டி சுருங்கியதை எழுதி வெளியிட்டார். பெண்மைச் சுரப்பு நீரால் வளரும் வகை ஒன்று உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்த வகைக்கு 1998இல் தனி மருந்து வழக்கிற்கு வந்தது. சுரப்பு நீருக்குரிய இரண்டு ஏற்பிகளும் இன்றி, இப்புரதமும் மிகாதது மும்மறை வகை. மேலை நாடுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குக் காணும் இவ்வகை, இந்திய ஆய்வுகளில் ஏறத்தாழ முப்பது பேருக்குக் காணப்படுகின்றது. இது விரைந்து வளர்வது; எனினும் தொடக்கத்திற் கண்டால் குணமாவோர் மிகப் பலர்.

சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகின்றது. அன்று பெண்டிரிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடம் பெற்றிருந்தது. இன்றோ அவ்விடம் மார்பகப் புற்றுநோய்க்கு உரியதாயிற்று.

எவ்வகை நோய் வரும் என்பது நம் கையில் இல்லை. எக்கட்டத்தில் மருத்துவரை அடைவது என்பதோ பெரிதும் நம் கையில் உள்ளது. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்னும் அசட்டையும், சொல்ல நாணும் கூச்சமும், தறி நின்றால் கூலி நிற்குமே என்னும் கவலையும் திங்கள்களை விழுங்கிவிடுகின்றன. ஆகவே தாய்மாரே, கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் குருதிக் கசிவோ கண்டால் அவ்வாரமே மருத்துவரை நாடுங்கள். இல்லத்து ஆடவரே, அன்று தறி நிற்பதைப் பொருட்படுத்தாது உடன் செல்லுங்கள். நின்ற தறியை மறுநாள் ஓட்டலாம்; கடந்த காலத்தை மீட்க ஒண்ணாது.