பூத்தது அவர் கையில். புகழ் எவர் பெயரில்?

வாளெடுத்தோர்க்கு வரலாறு உண்டு. கோலெடுத்தோர்க்கும் வரலாறு உண்டு. ஊசியெடுத்தோர்க்கு? "பெண்டிரின் பொழுதுபோக்கு" என்று கூறி ஒதுக்கிவிட்டது உலகம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பாருங்கள், தோழர்களே! சீமாட்டியின் மடியிலே கட்டமிட்ட துணி. பக்கத்திலே பெர்லின் நகர் பாணியில் கட்டமிட்ட தாள். தாளில் எந்தக் கட்டத்தில் எந்த வண்ணமோ, துணியிலும் அதே கட்டத்தில் அதே வண்ணக் கம்பளி நூல். எண்ணத் தெரிந்தால் போதும். மலரைக் கண்ணால் காணவும் வேண்டா, கருத்தால் ஆராயவும் வேண்டா! எவரோ கிழித்த கோட்டைத் தாண்டாதே என்னும் கட்டளை, துணிக்கும் வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டத்தை உடைத்தோருள் ஒருவர் மே மாரிஸ். கவிஞரும் சமதர்மவாதியுமான வில்லியம் மாரிசின் இளைய மகள், 1862-இல் பிறந்தவர். பழைய பூத்தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து ஊசிவேலை கற்றவர் அந்தத் தந்தை. ஊசி பெண்ணுக்கே உரியதென்போர் இதைக் கேட்கட்டும்! அவருடைய நிறுவனத்தின் பூத்தையல் பிரிவுக்கு மே 1885-இல் தலைமை ஏற்றார். வயது 23.

அவர் முறை யாது? வேலியோரக் கொடியை நேரில் நோக்கு, இலை எப்படி மடிகிறது, தண்டு எங்கே வளைகிறது என்று அறி, பின்னர் வரை, அதன் பின்னரே ஊசியை எடு. இயற்கைச் சாயம் தோய்ந்த பட்டு நூல், இலையின் வளைவோடு தானும் வளைந்து ஓடும். இம்முறையை விளக்கி 1893-இல் நூலும் எழுதினார்.

பயன்? 1883-இலேயே அவர் வரைந்த 'ஹனிசக்கிள்' என்னும் பூங்கொடிச் சுவர்த்தாள், நெடுங்காலம் தந்தையின் படைப்பென்றே கருதப்பட்டது. பூத்தது மகள் கையில். புகழ் தந்தை பெயரில்! நிறுவனத்தின் பெயர் தந்தையுடையது. மகளின் உழைப்பு அந்தப் பெயருக்குள்ளேயே மறைந்தது.

மற்றொன்றும் கேளுங்கள். 1884-இல் இலண்டனில் தோன்றிய கலைவினைஞர் கழகம், கலையையும் கைத்தொழிலையும் ஒன்றாக மதிப்போம் என்றது. ஆனால் பெண்ணுக்குக் கதவடைத்தது! கைகட்டி நின்றாரா மே? இல்லை! 1907-இல் தோழியரோடு சேர்ந்து பெண் கலைஞர் கழகத்தை நிறுவினார். பழைய கழகத்தின் கதவு பெண்ணுக்குத் திறந்தது 1964-இல். மே மறைந்து அப்போது 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

நண்பர்களே! நம் வீட்டுத் தலையணை உறையிலும் ஒரு கொடி படர்ந்திருக்கும். ஒரு பறவை அமர்ந்திருக்கும். அதைத் தைத்த கையை நினைத்ததுண்டா? "அழகாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிடாதீர்கள். தைத்தவர் யாரென்று கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லுங்கள். உழைப்பு ஒருவருக்கு, உரிமை மற்றொருவருக்கு என்னும் அநீதி, வயலில் மட்டுமா விளைகிறது? ஊசி முனையிலும் விளைகிறது!